சின்ன சப்வூஃபர் வாங்கப் போகிறீர்களா? டெமோவில் கேட்கும் பேஸ் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

சிங்கப்பூரில் வீட்டு ஆடியோவுக்குச் சின்னதாக ஒரு சப்வூஃபர் (பேஸ் எனப்படும் ஆழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர் பெட்டி) தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நான் 690 வெள்ளி கொடுத்து வாங்கிய பெட்டி ஒன்று. வாங்குவதற்கு முன் கடையில் என் காதில் விழுந்த பேஸ் வேறொரு பெட்டியுடையது. மாடல் மாற்றி அனுப்பவில்லை, பழைய சரக்கைத் தள்ளிவிடவும் இல்லை. டெமோ அறையிலேயே ஏமாற்றினார்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த வேலையைச் செய்ய இரண்டு சப் அவுட் (சப்வூஃபருக்குச் சிக்னல் அனுப்பும் துளை) உள்ள ஒரு ரிசீவரும் ஓர் அலமாரியும் இருந்தால் போதும் என்பதால், எந்தக் கடையிலும் இது நடக்கலாம்.

எங்களுடையது நான்கறை வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு. டிவி கன்சோலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழங்கை அகலம்தான் இடம். இருக்கிற இரண்டு ஸ்பீக்கரும் புக்‌ஷெல்ஃப் வகை, ஐந்து அங்குல வூஃபர். குரல், வீணை, வயலின் எல்லாம் அருமையாக வரும். தவிலின் இடந்தலையும் உருமியின் இழுப்பும் மட்டும் பாதியில் நின்றுவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது (எண் குறையக் குறைய ஒலி ஆழம்). பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். ஐந்து அங்குல வூஃபரால் அங்கே இறங்க முடியாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபரிடம் ஒப்படைத்துவிட்டால் ஸ்பீக்கர்களுக்கும் சுமை குறையும். அதற்காகத்தான் தேடினேன்.

கடையில் இருந்த பையன் தமிழ்ப் பையன். நல்ல பேச்சு. "அண்ணே, வீவக வீட்டுக்கு இதுக்கு மேல வேணாம். பெட்டிதான் சின்னது, பேஸ் பத்து இன்ச் சப் மாதிரி. முந்நூறு வாட். இருபத்தஞ்சு ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும்" என்றான். உள்ளே கதவு மூடிய டெமோ அறைக்குக் கூட்டிப் போய் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டான். சோபாவே அதிர்ந்தது. தரையில் இருந்த அந்தக் கையளவுப் பெட்டியைக் காட்டி, "இதுதான் அண்ணே பேசுது" என்றான். அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த சண்டை முழுக்க அதைச் சுற்றித்தான்.

வீட்டில் பொருத்தியதும் உருமியும் வரவில்லை, தவிலும் வரவில்லை. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுருதியில் தொம் தொம் என்று ஒரு சத்தம் வந்தது. ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து அளவீடு செய்தேன், ஃபேஸ் மாற்றினேன், மூலைக்குத் தள்ளினேன், நாற்காலியின் மேல் சப்பை ஏற்றிவைத்துவிட்டு ஹாலைச் சுற்றித் தவழ்ந்து நல்ல இடம் தேடும் வழியையும் செய்தேன். சத்தம் கூடியது, குறைந்தது. ஆழம் வரவில்லை.

அப்புறம் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, சப்வூஃபரை மட்டும் ஓடவிட்டேன். 60 ஹெர்ட்ஸில் நன்றாகவே இருந்தது. 50இல் கொஞ்சம் தளர்ந்தது. 40இல் பக்கத்தில் போனால்தான் கேட்டது. 30 ஹெர்ட்ஸ் கொடுத்தபோது சத்தம் திரும்பவும் வந்தது, ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன் 60இல் கேட்ட அதே சுருதியில், ஒரு கரகரப்போடு. கவனியுங்கள், கடைகளில் பலர் தடுமாறும் இடம் இது. சின்ன டிரைவரை (கோன் என்ற கூம்பை ஆட்டி ஒலியெழுப்பும் பகுதி) அதன் சக்திக்கு மீறி ஆழத்தில் ஓட்டினால், கேட்ட அலைவரிசையைத் தராமல் அதன் இரண்டு மடங்கையும் மூன்று மடங்கையும் சேர்த்துத் துப்பும். காதுக்கு "ஏதோ பேஸ் வருகிறது" என்று தோன்றும். உண்மையில் 30 ஹெர்ட்ஸ் அங்கே இல்லை.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் எட்டு அங்குல வட்டத்தில் ஒரு கறுப்புத் தகடு, சுற்றிலும் ரப்பர் வளையம். பாசிவ் ரேடியேட்டர் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். சின்னப் பெட்டியில், பேஸுக்குத் துணைசெய்யும் நீளமான போர்ட் குழாய் வைக்க இடம் இருக்காது. அதற்குப் பதிலாக காந்தமும் சுருளும் இல்லாத இன்னொரு கோனை வைத்து, உள்ளே அமுங்கும் காற்றால் அதை ஆடவிடுவது நல்ல தொழில்நுட்பம்தான். உண்மையான ரேடியேட்டரைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். எனக்குக் கிடைத்ததை அழுத்தினால் சுவரை அழுத்துவதுபோல் இருந்தது. ரப்பர் வளையத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். வளையம் தனியாகக் கையோடு வந்தது. அடியில் தகடு நேராகப் பெட்டியின் மரத்திலேயே திருகப்பட்டிருந்தது. ஆடவே முடியாத ஒன்றுக்கு அலங்காரமாக ஒரு வளையம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கடைக்குத் திரும்பிப் போய், புகார் எதுவும் சொல்லாமல், அதே டெமோவை இன்னொரு முறை போடச் சொன்னேன். மனைவி கைப்பேசியில் காணொளி எடுத்தார். காட்சி நடுவில் நான் குனிந்து அந்தச் சின்னப் பெட்டியின் கோன் மேல் விரல் நுனிகளை வைத்தேன். சோபா அதிர்கிறது, கண்ணாடிக் கதவு அதிர்கிறது. என் விரலுக்கடியில் கோன் லேசாக நடுங்குகிறது, அவ்வளவுதான். பின்பக்கம் இருந்த சுவிட்சை அணைத்தேன். சோபா அதிர்ந்துகொண்டே இருந்தது. டிவிக்குக் கீழே இருந்த நீண்ட அலமாரியின் கதவுக்குப் பலகை கிடையாது, ஸ்பீக்கர் துணி. அதை ஒதுக்கிப் பார்த்தால் உள்ளே பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் ஒன்று விளக்கெரிய ஓடிக்கொண்டிருக்கிறது. ரிசீவரில் இரண்டு சப் அவுட். ஒன்றில் சின்னது, மற்றதில் பெரியது. இரண்டுக்கும் ஒரே சிக்னல். "அது எப்பவுமே ஆன்லதான் இருக்கும் அண்ணே, முதலாளி செட்டப்" என்றான் பையன். அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு முன்பே தெரியும் என்றுதான் தோன்றியது. ஆனாலும் அவன்மேல் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அறையை அமைத்தது அவன் இல்லை.

சின்ன சப்வூஃபர் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு சின்னதாக இருக்க முடியும், அதற்கு என்ன விலை என்பதை இயற்பியல் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது. கேஎல்எச் என்ற ஒலிபெருக்கி நிறுவனத்தை 1957இல் தொடங்கிய மூவரில் ஒருவர் ஹாஃப்மன். அவர் பெயரில் ஒரு விதி உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிக சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஒரே சத்தத்தில் 60 ஹெர்ட்ஸிலிருந்து 30 ஹெர்ட்ஸுக்கு இறங்க, கோன் நான்கு மடங்கு தூரம் முன்பின் ஓட வேண்டும். அதுபோக, பன்னிரண்டு அங்குல கோனின் பரப்பு ஆறரை அங்குல கோனைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. பரப்பு குறைந்தால் ஓட்டம் கூட வேண்டும். ஓட்டம் கூட வேண்டுமென்றால் நீண்ட சுருள், பெரிய காந்தம், நிறைய வாட் தேவை. இவையெல்லாம் காசு.

கேஇஎஃப் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த கேசி62 இதற்கு நல்ல சாட்சி. ஒவ்வொரு பக்கமும் 25 சென்டிமீட்டர் அளவே உள்ள பெட்டி. உள்ளே இரண்டு ஆறரை அங்குல டிரைவர்கள் எதிரெதிராக ஓடி, ஒன்றின் உதைப்பை மற்றொன்று சமன்செய்கின்றன. ஆழம் தர அதற்கு 1,000 வாட் ஆம்பிளிஃபயர் தேவைப்பட்டது. அறிமுக விலை சுமார் 1,500 அமெரிக்க டாலர். அதே அளவுப் பெட்டி பாதிக்கும் கீழான விலையில் அதே ஆழம் தருகிறது என்று யாராவது சொன்னால், அந்த ஆழம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கொஞ்சம் இடம் விட்டுக்கொடுக்க முடிந்தால் எஸ்விஎஸ் எஸ்பி-1000 புரோ போன்றவை இருக்கின்றன. பன்னிரண்டு அங்குல டிரைவர், மூடிய பெட்டி, 325 வாட், முகப்பு ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் அகலம். என்னைக் கேட்டால், வீவக வீட்டில் அந்தக் கூடுதல் எட்டு சென்டிமீட்டருக்காகக் கன்சோலைத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம்.

சரி, அட்டைப்பெட்டியில் உள்ள எண்களுக்கு வருகிறேன். "25–200 ஹெர்ட்ஸ்" என்று வெறுமனே போட்டிருந்தால் அதற்கு எந்த மதிப்பும் கிடையாது. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்பதும் கூடவே இருக்க வேண்டும். கூட்டல் கழித்தல் 3 டெசிபல் என்று எழுதியிருந்தால் நம்பிப் படிக்கலாம். கழித்தல் 10 டெசிபல் என்றால், அந்த 25 ஹெர்ட்ஸ் மற்றதைவிடக் காதுக்குப் பாதி சத்தத்தில்தான் கேட்கும். ஒன்றுமே எழுதவில்லை என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். வாட் விஷயமும் அப்படித்தான்: ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்ற சொல் இல்லாத 300 வாட்டும் பிஎம்பிஓ (கண நேர உச்சம்) என்று போட்ட 3,000 வாட்டும் விளம்பரத்துக்கான எண்கள். பின்பக்கத் தகட்டில் மின்நுகர்வு 60 வாட் என்று இருப்பதைக் கண்டு சிலர் உடனே மோசடி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது மட்டும் ஆதாரம் ஆகாது. பாட்டு ஓடும்போது ஆகும் சராசரிச் செலவைத்தான் பலர் அங்கே அச்சிடுகிறார்கள். உண்மையாக அளந்து வெளியிடுகிறவர்கள் சிடிஏ-2010 என்ற முறைப்படி ஒவ்வொரு அலைவரிசையிலும் எவ்வளவு சத்தம் வருகிறது என்று அட்டவணை தருவார்கள். நீங்கள் பார்க்கும் மாடலுக்கு அப்படி ஒன்று கிடைத்தால் முதலில் 30 ஹெர்ட்ஸ் வரிசையைப் பாருங்கள்.

கடையில் எப்படிக் கேட்பது? மற்ற எல்லா சப்வூஃபர்களின் மின்கம்பியையும் பிடுங்கச் சொல்லுங்கள். ரிமோட்டில் அணைத்தது போதாது, பிளக் வெளியே வர வேண்டும். ஸ்பீக்கர்களையும் அணைத்துவிட்டு, உங்கள் கைப்பேசியிலிருந்து 60, 50, 40, 30 என்று டோன் போடுங்கள். இறங்க இறங்கச் சுருதியும் இறங்க வேண்டும். ஒரு கட்டத்தில் சத்தம் மறைந்துபோனால் அது நேர்மையான வரம்பு; சுருதி மேலே தாவினாலோ கரகரத்தாலோ பெட்டி திணறுகிறது. மூடிய சின்ன அறையில் ஆழமான பேஸ் தானாகவே ஏறித் தெரியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நம் ஹால் சாப்பாட்டு மேசை, சமையலறை, நடைவழி வரை திறந்தே கிடக்கிறது. சப்வூஃபர் அவ்வளவு காற்றையும் தள்ள வேண்டும். திருப்தி என்றால், கடைக்காரர் வாயால் சொன்ன டிரைவர் அளவு, ஆர்எம்எஸ் வாட், எத்தனை ஹெர்ட்ஸ் வரை என்ற மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் "10 அங்குலத்துக்கு இணை, 25 ஹெர்ட்ஸ்" என்று பையன் கையால் எழுதியிருந்தது. கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

பாரலல் இம்போர்ட் (உள்ளூர் விநியோகஸ்தர் வழி வராத) சரக்கு என்றால் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள்: உள்ளூர் விநியோகஸ்தர் அதற்கு வாரன்ட்டி தர மறுக்கலாம், அமெரிக்கச் சந்தைக்கான பெட்டி 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகியதும் கருகும்.

பணத்தைக் கேட்டபோது முதலாளி, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியை பில்லில் காட்டினார். அந்த வரியைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் அதற்கும் மேல். பொருள் சொன்னபடி இல்லாவிட்டால் கடைக்காரர் சரிசெய்ய வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும்; அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திரும்பக் கேட்கவோ நமக்கு உரிமை உண்டு. கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர்தான். முதலாளி, "இன்னொண்ணு அதே மாடல் தர்றேன்" என்றார். அதே வளையம் ஒட்டிய இன்னொரு பெட்டியால் எனக்கு என்ன பயன்?

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்டுவிட்டு, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழி மனுக் கொடுத்தேன். 20,000 வெள்ளி வரையான கோரிக்கைகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க முடியாது, கடைக்காரருக்கும் அதே விதிதான். பில், கழன்று வந்த வளையத்தின் படம், அலமாரிக் காணொளி, டோன் போட்டு எடுத்த பதிவு எல்லாவற்றையும் இணைத்தேன். விசாரணைத் தேதிக்கு முன்பே கடையிலிருந்து அழைப்பு. முதலில் 400 வெள்ளி தருகிறேன் என்றார்கள். மறுத்தேன். பிறகு முழுத் தொகையும் பேநவ் வழியாக வந்தது. பணம் கணக்கில் ஏறிய பிறகே பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் இன்றைக்கே கவிழ்த்து அந்தத் தகட்டை அழுத்திப் பாருங்கள். ஆடவில்லை என்றால் எதையும் கழற்றும் முன் படம் எடுங்கள், பில்லைத் தேடுங்கள், கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். மனுக் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் கீழே கேளுங்கள், நான் எழுதிக் கொடுத்த வடிவத்தைப் பகிர்கிறேன்.