கம்பத்து மேசையில் ஐபிடேபிள்ஸ்: கோபமெல்லாம் கான்ட்ராக் மேல்தான்

"ஏலக்காய்க் கடை எடை மெஷினுக்கு சர்வர் மாத்துறோம்ணே, கம்பம் மெட்டு மலை ஏறுறதுக்கு முன்னாடி இங்கேயே சோதிச்சுப் பார்க்க முடியுமா?" என்று கேட்ட தம்பிக்காக இது. முடியும். இரண்டு லேன் போர்ட் உள்ள பழைய பிசியில் டெபியன் (ஒரு லினக்ஸ்) போட்டால் போதும். வேலை பார்ப்பது அதில் ஓடும் ஐபிடேபிள்ஸ், அதாவது வரும் பாக்கெட்டைத் தடுக்கவோ திருப்பிவிடவோ ரூல் எழுதும் கருவி.

மெஷினுக்குள் சர்வர் முகவரி 192.168.1.50 என்று பதித்தே வந்திருக்கும், மாற்ற வழியில்லை. புது சர்வர் 10.10.10.20. பழைய முகவரிக்கு வருவதைப் புதியதற்குத் திருப்ப, நேட் டேபிள் (முகவரி மாற்றும் ரூல்களின் பட்டியல்), ப்ரீரௌட்டிங் செயின் (பாக்கெட் உள்ளே வந்ததும் பார்க்கும் இடம்), டிநாட் (போய்ச்சேரும் முகவரியை மாற்றுவது) என ஒரே வரி ரூல்தான். ஆனால் ஆட்கள் தடுக்கி விழுவது ரூலுக்கும் முன்னால். மெஷின் 192.168.1.21-இல் இருப்பதால் .50 பக்கத்து வீடுதான் என்று ஏஆர்பியில் (ஒரே நெட்வொர்க்குக்குள் "இந்த முகவரி யாருடையது" என்று கேட்கும் முறை) கூப்பிடும். பதில் சொல்ல ஆளில்லையென்றால் பாக்கெட்டே கிளம்பாது. ஆகவே .50-ஐ இந்தப் பிசிப் பெட்டியின் லேன் போர்ட்டுக்கே இரண்டாவது முகவரியாகக் கொடுங்கள். ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு போர்ட்டில் வந்ததை மற்றதில் அனுப்பும் வசதி) 1 என்று வைத்து இயக்குங்கள். சர்வருக்கு கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) இந்தப் பெட்டிதான். அதை விட்டுவிட்டு மாஸ்கரேட் (அனுப்புபவர் முகவரியைப் பெட்டியின் முகவரியாக மாற்றுவது) போட்டாலும் ஓடும், ஆனால் சர்வர் லாகில் எல்லா மெஷினும் ஒரே முகவரியாகத் தெரியும். எந்தக் கடை எடை என்று தேடித் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம்.

இனி கான்ட்ராக், அதாவது ஓடும் இணைப்புகளை லினக்ஸ் குறித்து வைக்கும் பதிவேடு. நேட் டேபிளை ஒரு இணைப்பின் முதல் பாக்கெட் மட்டுமே பார்க்கும், மற்றவை கான்ட்ராக் பதிவை வைத்தே போகும். மெஷின் 10 நொடிக்கு ஒருமுறை, ஒரே சோர்ஸ் போர்ட்டிலிருந்து (அனுப்பும் பக்கத்து எண்) யூடிபி (இணைப்பு பேசி முடிக்காமலே அனுப்பும் பாக்கெட் வகை) அனுப்புகிறது. பதில் வராத யூடிபி பதிவின் ஆயுள் 30 நொடி. ஒவ்வொரு பாக்கெட்டும் அதைப் புதுப்பித்துவிடும். ரூலை .20-இலிருந்து வேறு சர்வரான .30-க்கு மாற்றுங்கள், பாக்கெட் பழைய .20-க்கே போய்க்கொண்டிருக்கும். ரூலைப் பத்து முறை அழித்து எழுதினாலும் அதே கதைதான். மெஷினை அணைத்து உடனே போட்டாலும் பலனில்லை. கையேட்டு பிடிஎஃப்களில் இதை மூலையில் ஒரு வரியாக எழுதி வைத்தவர்களை என்ன சொல்ல! கான்ட்ராக் கருவியில் மைனஸ் பெரிய டி போட்டு அந்தப் பதிவை அழித்தால்தான் விடியும்.

கவுன்ட்டர் மட்டும் தங்கம். ரூல் பட்டியலை மைனஸ் வி போட்டுப் பார்த்தால் ரூல் தொடப்பட்டதா என்று உடனே தெரியும். நூறு பாக்கெட் போன பிறகும் 1 என்று காட்டினால் பதறாதீர்கள், முதல் பாக்கெட் கணக்கு அது. 0 என்றால் ஒன்று பழைய பதிவு உயிரோடிருக்கிறது, இல்லை ஏஆர்பிக்குப் பதில் போகவில்லை.

கரண்ட் போய் வந்தால் ரூல் காணாமல் போகும்; ஐபிடேபிள்ஸ் பெர்சிஸ்டென்ட் போட்டு சேவ் செய்யுங்கள். சிஸ்சிடிஎல் ஃபைலிலும் ஃபார்வர்டிங்கை எழுதுங்கள்.

ஐபிடேபிள்ஸுக்கு என் மார்க் ஐந்துக்கு 2. ரெடிமேட் ரவுட்டர் வாங்கலாமா என்றால், வேண்டாம் தம்பி, பெரும்பாலும் உள்ளே இதே கான்ட்ராக்தான்; பதிவை அழிக்கும் கட்டளை இருக்கும் என்று உறுதியில்லை. கடை இன்டர்நெட் வயரை மட்டும் இந்தப் பெட்டியில் செருகிவிடாதே.