பழைய வீட்டை ஆய்வு செய்கிறோம் என்று 3,80,000 வாங்கி ஏமாற்றிவிட்டார்கள். பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இன்று காலை கடைசிப் பதிலும் வந்துவிட்டது: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." பணம் திரும்பவில்லை, வரைபடத்தின் மூலக் கோப்பு தரவில்லை, ஒரு வார்த்தை விளக்கமும் இல்லை. 3,80,000. பழைய வீடு வைத்திருக்கும் இன்னொருவர் இவர்களிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வகையை மட்டும் சொல்கிறேன். பழங்காலக் கட்டடங்களை அளந்து, எங்கே என்ன கோளாறு என்று ஆராய்ந்து, எப்படிப் பழுதுபார்ப்பது என்று ரிப்போர்ட் தரும் சிறப்பு ஆலோசனை நிறுவனம். வல்லுநர்களைத் தேடித்தரும் ஓர் இணையதளத்தில் கிடைத்தார்கள். பெயருக்குப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டவர்" என்று பச்சைக் குறி போட்டிருந்தது.

வீடு என் தாத்தாவின் அப்பா கட்டியது. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, இரண்டடிக்கு மேல் தடிமனான சுவர்கள், மர உத்தரங்கள். கூடத்தில் சுவர் கூரையைத் தொடும் இடத்தில் சுற்றிலும் சுண்ணாம்புக் காரையில் கையாலேயே இழைத்த கொடி வேலைப்பாடு. வடக்குச் சுவரில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, காரை உதிர ஆரம்பித்தது. வாசல் வளைவுக்கு மேலே ஒரு விரிசலும் விட்டது. வீட்டை இடித்துவிடலாம் என்று சொன்ன சொந்தக்காரர்கள் வாயை அடைக்கத்தான் நல்ல ஆளாகத் தேடினோம்.

தலைமை ஆலோசகர் முதல் தடவை அவரே வந்தார். வந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். முன்பு எவரோ பூசிவிட்டுப் போன சிமென்ட் ஒட்டை விரல் முட்டியால் தட்டினார். பொத்தென்று சத்தம் வந்தது. "பாருங்கம்மா, இதுதான் இந்தச் சுவருக்கு எமன். சுண்ணாம்புச் சுவர் குடிச்ச ஈரத்தை வெளிய விட்டுரும். மேல சிமென்ட் பூசினா ஈரம் உள்ளயே நிக்கும். உப்பு உள்ளயே படிஞ்சு செங்கல்லோட முகத்தையே பேத்துரும்" என்று என் அம்மாவிடம் சொன்னார். 1877இல் வில்லியம் மோரிஸ் பழங்கட்டடங்களைக் காக்கச் சங்கம் தொடங்கியதைப் பற்றிப் பேசினார். பழங்கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964 வெனிஸ் சாசனத்தைப் பற்றிப் பேசினார்: ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே புதுப்பிக்கும் வேலை நின்றுவிட வேண்டும் என்று அதில் இருக்கிறதாம். "ஊகிச்சு ஒரு வரிகூட எழுத மாட்டேம்மா" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் சொன்ன எதுவும் பொய்யில்லை. பிறகு நானே தேடிப் படித்துப் பார்த்தேன், எல்லாம் உண்மை. எல்லாம் தெரிந்த மனிதர் தெரிந்தே இப்படிச் செய்தார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று மாலையே 1,90,000 அனுப்பினேன். மீதி 1,90,000 "ஆய்வு முடிந்ததும், ரிப்போர்ட் கைக்கு வருவதற்கு முன்" என்று ஒப்பந்தத்தில் இருந்தது. செய்வதாக எழுதித் தந்த வேலைகள்: லேசர் ஸ்கேனிங் செய்து ஒவ்வொரு சுவருக்கும் வரைபடம், சுவரிலிருந்து மாதிரி எடுத்து ஈரப்பதச் சோதனை, சாந்தில் சுண்ணாம்பு எவ்வளவு மணல் எவ்வளவு என்ற பகுப்பாய்வு, விரிசல் விரிகிறதா இல்லையா என்று பருவம் மாறும்வரை கண்காணிப்பு, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனைகளில் மெல்லிய துளையிட்டு மரம் உளுத்திருக்கிறதா என்று பார்ப்பது.

ஆய்வுக்கு அவர் வரவில்லை. இரண்டு பையன்கள் வந்தார்கள். லேசர் கருவி இல்லை, ஒரு டேப்பும் செல்போனும்தான். இரண்டு ஊசி வைத்த சின்ன மீட்டரைச் சுவரில் குத்தி, திரையில் வந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். அந்த மீட்டர் அடிப்படையில் மரத்துக்காக அளவு குறித்தது. உப்பு ஏறிய சுவரில் குத்தினால் உள்ளதைவிட அதிக ஈரம் காட்டும். செங்கல் சுவரில் நிஜமான ஈரம் தெரிய வேண்டுமென்றால் துளைத்த தூளை எடுத்து எடை போட்டு, உலர்த்தி, மறுபடி எடை போட வேண்டும். அல்லது அந்தத் தூளைக் கால்சியம் கார்பைடோடு மூடிய குப்பியில் குலுக்கி, கிளம்பும் வாயுவின் அழுத்தத்தை அளக்க வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. விரிசல் விரிந்தால் உடைந்து காட்டிக்கொடுக்கும்படி அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டுகூட ஒட்டவில்லை. உத்தரத்தைப் பார்க்க ஏணி கேட்கவே இல்லை.

அடுத்து நடந்ததை எழுதவே கை வரவில்லை. அம்மா சமையலறையில் இருந்தார். "உள்ள எப்படி இருக்குன்னு தொறந்து பாக்கணும்" என்று கூடத்துச் சுவரில் உளியை வைத்திருக்கிறார்கள். ஓதம் இருந்தது கீழே. இவர்கள் தட்டியது மேலே. கொடி வேலைப்பாட்டில் இரண்டு கை நீளத்துக்கு உடைந்து விழுந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மாவிடம் "சாம்பிள்" என்று சொல்லித் துண்டுகளை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தத் துண்டுகள் இருந்தாலாவது ஒட்டவைக்கவோ அச்செடுக்கவோ வழி இருந்திருக்கும். இவர்களுடைய விளம்பரக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே பாரம்பரிய இடங்களைக் காப்பதற்கான ஆஸ்திரேலிய வழிகாட்டியான புர்ரா சாசனத்தின் வாசகம் இருக்கிறது: தேவையான அளவு மட்டும் மாற்று, முடிந்தவரை குறைவாக மாற்று.

மீதிப் பணம் போன பிறகு ரிப்போர்ட் வந்தது. வழவழப்பான தாள், தடித்த அட்டை. எங்கள் வீட்டில் கல்தூணே கிடையாது, உள்ளே கல்தூண் படம் இரண்டு. இரண்டடிச் சுவருக்கு ஒன்பது அங்குலம் என்று அளவு. பின்கட்டு மாடிப்படி வரைபடத்திலேயே இல்லை. பரிந்துரை என்ன தெரியுமா? சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு ஈரம் ஏறாமல் தடுக்கும் ரசாயனம் செலுத்தி, அதன் மேல் நீர்புகாச் சிமென்ட் பூச்சு. எமன் என்று அவரே என் அம்மாவிடம் சொன்ன அதே சிமென்ட்! கடைசிப் பக்கத்தில் இந்த வேலைக்கு "அங்கீகரிக்கப்பட்ட ஒப்பந்ததாரர்" என்று ஒரு பெயர். முகவரியைப் பார்த்தால் இவர்கள் அலுவலகம் இருக்கும் அதே கட்டடம், அதே மாடி. சுவரைப் பார்க்கும் முன்பே இந்த ரிப்போர்ட் எழுதி முடிந்திருக்கிறது. எங்கள் வீட்டுப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

போன் செய்தால் "சார் சைட்ல இருக்கார் மேடம்". மறுபடி செய்தால் "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க". கல்தூண் படத்தைக் கேட்டதற்கு "அது உதாரணத்துக்கு". உடைந்த வேலைப்பாட்டைக் கேட்டதற்கு "ஏற்கெனவே தளர்ந்திருந்தது". லேசர் வரைபடத்தின் மூலக் கோப்பைக் கேட்டபோது "அது எங்கள் அறிவுசார் சொத்து" என்று மின்னஞ்சல். அதே வெனிஸ் சாசனம், ஆய்வையும் வேலையையும் துல்லியமாகப் பதிவு செய்து, பொது நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் வைத்து ஆய்வாளர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. இவர்கள் வீட்டுக்காரிக்கே தர மாட்டார்களாம். இணையதளத்தாரோ "நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம், பணம் உங்கள் இருவருக்கும் இடையில்" என்று கைகழுவிவிட்டார்கள். நான் போட்ட மதிப்புரையையும் நீக்கிவிட்டார்கள். பச்சைக் குறி மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.

போன வாரம் அப்பாவுக்குத் தெரிந்த வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். அவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு மழைநீர் இறங்கும் குழாயோடே கீழே வந்தார். வடக்குச் சுவரின் வெளிப்புறத்தில் குழாயின் இணைப்பு விட்டுப்போய், பெய்த மழையெல்லாம் சுவரிலேயே இறங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் பிற்காலத்தில் போட்ட சிமென்ட் தரை வீட்டின் உள்தரையைவிட உயரம், அதனால் தண்ணீர் தேங்கிச் சுவருக்குள் போகிறது. "குழாயை மாத்துங்க தம்பியை விட்டு, தரையை ஒரு அடி வெட்டி எடுங்க, சுவரைக் காயவிடுங்க. காஞ்சப்புறம் சுண்ணாம்பு பூசிக்கலாம்" என்றார். காசு வாங்கவில்லை. 3,80,000 கொடுத்து வாங்கிய ரிப்போர்ட்டில் மழைநீர்க் குழாய் என்ற வார்த்தையே இல்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன், விவரமாகச் சொல்ல இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். ஆய்வு செய்கிறவரே பழுதுபார்க்கும் ஆளையும் கைகாட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வரைபடம் கையில் வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள், மூலக் கோப்பு உங்களுக்குத்தான் என்று எழுதி வாங்குங்கள். உளி படும் இடம் ஒவ்வொன்றையும் முன்பே படத்தில் குறித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஊசி மீட்டரை மட்டும் வைத்து ரசாயனம் போடச் சொன்னால் போடாதீர்கள்.

கல்தூண் இல்லாத வீட்டுக்குக் கல்தூண் படத்தோடு ரிப்போர்ட் வாங்கியவர் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வழக்குப் போடப் போகிறேன். உங்கள் ரிப்போர்ட்டும் கையில் இருந்தால் வக்கீலுக்கு உதவும். அந்தக் கல்தூண் உங்கள் வீட்டுடையது என்றால் கட்டாயம் சொல்லுங்கள்.