கேமிங்கா, மேக்கா, எஸ்.பி. ரோடு பழசா: காலேஜ் முதல் வருடத்துக்கு எந்த லேப்டாப்?

அண்ணன் மகனுக்கு மெக்கானிக்கல், என் மகளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ். பெங்களூரு அல்சூரில் ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் சீட் உறுதியானது. அன்றைக்கே லேப்டாப் பேச்சும் ஆரம்பித்துவிட்டது. "அத்தை, சீனியர் எல்லாரும் கேமிங் லேப்டாப்தான் வச்சிருக்காங்க" என்றான் அவன். மகளுக்கு மேக்புக் ஏர் மேல் கண். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பழசு பார்த்தால் நிறையக் காசு மிஞ்சும் என்றார் அண்ணன். எதையும் கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று இரண்டு சனிக்கிழமை அலைந்தோம்.

முதலில் கேமிங். ஆர்டிஎக்ஸ் 4050 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்கள். லேப்டாப் மட்டும் 2.3 கிலோ. சார்ஜர் தனியாக அரைக் கிலோவுக்குப் பக்கம். அவன் தினமும் ஏறப்போவது மெட்ரோ பர்ப்பிள் லைன், அல்சூரிலிருந்து கெங்கேரி வரை. காலையில் மெஜஸ்டிக் வரும்வரை பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சாதாரண வேலைக்கே பேட்டரி நாலு மணி நேரம் தாண்டுவது கஷ்டம், அதனால் சார்ஜரை வீட்டில் விட்டுப் போகவும் முடியாது.

மெக்கானிக்கலுக்கு கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம் என்பது பாதி உண்மைதான். இயந்திர பாகங்களை வரையும் சாஃப்ட்வேரான சாலிட்வொர்க்ஸில் ஒரு பாகத்தை வரையும்போது பெரும்பாலும் உழைப்பது பிராசஸரின் ஒரு கோர். அதன் வேகமும் ரேமும்தான் முக்கியம். நூற்றுக்கணக்கான பாகங்களைக் கோத்து அசெம்பிளி செய்யும்போதுதான் கார்டு கைகொடுக்கும். வரைந்த பாகம் சுமை, சூடு தாங்குமா என்று சோதிக்கும் ஆன்சிஸின் மாணவர் பதிப்பு இலவசம், ஆனால் எவ்வளவு பெரிய மாடலை ஓட்டலாம் என்பதற்கு அதிலேயே வரம்பு உண்டு. மெக்கானிக்கலோ சிஎஸ்ஸோ, முதல் வருடத்தில் பெரும்பகுதி கணக்கு, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கொஞ்சம் புரோகிராமிங், கம்ப்யூட்டரில் இன்ஜினியரிங் டிராயிங். மூன்றாம் வருடத்து வேலைக்கு இன்றைக்கே சுமை தூக்க வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

மேக்புக் ஏரைத் தொட்டதும் மகள் முகம் மலர்ந்தது. 1.24 கிலோ, ஃபேன் கிடையாது, சத்தமே இல்லை. 18 மணி நேரம் வீடியோ ஓடும் என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. அதில் முக்கால்வாசி கிடைத்தாலும் ஒரு முழு நாள் கிளாஸுக்குப் போதும். பைத்தான், ஜாவா, சி எல்லாம் ஓடும். எம்4 மாடல் 2025 மார்ச்சில் 99,900 ரூபாய்க்கு வந்தது, அப்போது மாணவர் விலை 89,900. சிஎஸ் பிள்ளைக்கு, வீட்டில் கடன் வாங்காமல் முடிந்தால், தாராளமாக வாங்கலாம். மெக்கானிக்கலுக்கு வேண்டவே வேண்டாம். சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், ஆன்சிஸ், கேட்டியா எதற்குமே மேக் பதிப்பு இல்லை. எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைகள் சிப் வடிவமைக்கப் பயன்படுத்தும் விவாடோவும் அப்படித்தான். பேரலல்ஸ் போட்டு விண்டோஸ் ஓட்டலாமே என்பார்கள். அதில் ஓடுவது ஆர்ம் வகை சிப்புக்கான தனி விண்டோஸ், சாலிட்வொர்க்ஸ் அதை ஆதரிப்பதில்லை. இன்னொன்று, மேக்கில் ரேமைப் பிறகு கூட்டவே முடியாது.

அடுத்து, ஐம்பது அறுபது ஆயிரத்தில் கிடைக்கும் புது விண்டோஸ் லேப்டாப். பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள். ரைசன் 5 7520யு என்றால் புதுசு போலத் தெரியும். அது 2022-ல் வந்ததுதான், ஆனால் உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நாலே கோர். 7530யு என்பது ஜென் 3, ஆறு கோர். அந்த வரிசையில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள், அதுதான் வடிவமைப்பின் தலைமுறை. 7520யு வரும் மெஷின்களில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும். 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். இன்டெலில் கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்றால் மின்சாரத்தைச் சேமிக்கும், எச் என்றால் கனமான வேலைக்குத் தாங்கும்.

ஒரு கடைக்காரர் பொறுமையாகப் பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றிக் காட்டினார். இன்டெல் ஐ5-13420எச், ஒரு ஸ்லாட்டில் 16 ஜிபி ரேம், பக்கத்து ஸ்லாட் காலி. "இப்போ எதுக்கும்மா 32? ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க, அஞ்சு நிமிஷத்துல போட்டுத் தர்றேன்" என்றார். அந்தக் காலி ஸ்லாட்டைப் பார்த்த பிறகுதான் அண்ணன் மகன் கேமிங் பேச்சை விட்டான்.

கடைசியாகப் பழசு. கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட் டி480 எஸ்.பி. ரோடு முழுக்கக் கிடைக்கிறது. 2018 மாடல். கீபோர்டு அருமை, ரேமுக்கு இரண்டு ஸ்லாட், பின்பக்க பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம். அதைவிட முக்கியம், அதில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல், அதனால் விண்டோஸ் 11 ஏறும். அதற்கு முந்தைய டி470-ஐ விலை குறைவு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதில் பெரும்பாலும் ஏழாம் தலைமுறை, அதற்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-டன் முடிந்துவிட்டது.

நாங்கள் முதலில் பார்த்த டி480-ல் சார்ஜ் 100 என்று காட்டியது. கமாண்ட் ப்ராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தோம். ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது பிடிக்கும் சார்ஜ்), டிசைன் கெப்பாசிட்டியில் (புதிதில் பிடித்த அளவு) பாதிகூட இல்லை. கேட்டதற்கு, "எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். வயிறு எரிந்தது. நாலு கடை தள்ளி, நல்ல பேட்டரியோடு, 16 ஜிபி போட்டு 22,000-க்குக் கிடைத்தது. மகள் அதைத்தான் எடுத்துக்கொண்டாள். "மேக் காசை அப்படியே வையும்மா, மூணாவது வருஷம் இன்டர்ன்ஷிப் எதுல கிடைக்குதுன்னு பாத்துட்டு வாங்கிக்கறேன்" என்றாள். அண்ணன் மகனுக்கு அந்தக் காலி ஸ்லாட் லேப்டாப்.

எஸ்.பி. ரோடு போகிறவர்கள் பேட்டரி ரிப்போர்ட்டைப் பில் போடும் முன்பே எடுத்துப் பாருங்கள். நோட்பேட் திறந்து எல்லா கீயையும் ஒருமுறை தட்டிவிடுங்கள். வாரண்டி எத்தனை மாதம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு, சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள்.