திரைவழி வகுப்பும் நேரடி வகுப்பும்: ஓர் ஒப்பீடு

2020 மார்ச்சில் கொரோனா பரவலால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்ட பின்னர், இலங்கையின் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கற்ற மாணவர்கள் சூம் வகுப்புகளுக்குப் பழகினார்கள். மீண்டும் விரிவுரை மண்டபத்துக்குத் திரும்பியபோது, இரண்டு முறைகளையும் எடைபோடும் அனுபவம் அவர்களிடமே இருந்தது.

இணையவழிக் கல்வியின் பெரும் பலம், பதிவு செய்யப்பட்ட விரிவுரையாகும். உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் படித்துவிட்டு, விஞ்ஞான பீடத்தில் ஆங்கில விரிவுரையைக் கேட்கும் முதலாம் வருட மாணவி, விளங்காத பகுதியை நிறுத்தி நிறுத்தி எத்தனை முறையும் கேட்கலாம். விடுதிச் செலவும் பேருந்துச் செலவும் மிச்சம். ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில் சிக்னல் தேடி வெளியே வந்து நின்றவர்களுக்கு அந்தப் பலன் முழுமையாகக் கிட்டவில்லை.

நேரடி வகுப்பின் மேன்மை செய்முறையில்தான் தெளிவாகத் தெரிகிறது. அமிலத்தில் காரத்தைத் துளித்துளியாகச் சேர்த்து அளவறியும் நியமிப்பில், ஒரே துளியில் கரைசல் மென்சிவப்பாக மாறும் கணத்தை, அளவி எனும் அளவுக்குழாயின் திருகைத் தன் விரலால் திருகிப் பார்த்தவரே உணர்வார். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை பயில்வோரின் நிலை இன்னும் கடினமானது. திரைவழியே ஒலி சற்றுப் பிந்தி வருவதால், ஆசிரியர் போடும் தாளமும் மாணவரின் மிருதங்க அடியும் ஒன்றுசேர்வதில்லை.

திரும்பி வந்தவர்களை அதிகம் வருத்தியது பரீட்சையே. வீட்டில் குறிப்புகளைப் பார்த்து விடையளித்துப் பழகியவர்கள், மூன்று மணி நேரம் நினைவிலிருந்து எழுதத் திணறினார்கள். இதற்காக நேரடி வகுப்பைக் குறைகூற முடியாது. என் மதிப்பீட்டில் மண்டபமே சிறந்தது. எனினும் அதே விரிவுரையின் பதிவும் மாணவர் கைக்கு எட்டவேண்டும், குறிப்பாக ஆங்கிலத்தோடு போராடும் முதல் வருடத்தில்.