தற்காலிகப் பணி: முழுசா, பாதியா?

தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-இன்படி, காலமுறை ஊதியத்தில் (பதவிக்கென நிர்ணயித்த ஊதிய விகிதத்தில்) தற்காலிகமாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர் இடைவெளி இல்லாமல் நிரந்தரமானால், சேர்ந்த நாளிலிருந்தே ஓய்வூதியக் கணக்கு ஓடும். பணிப்பதிவேட்டில் இடைவெளி விழுந்தால்தான் வில்லங்கம்.

தினக்கூலி, தொகுப்பூதியம் (மாதாமாதம் ஒரே மொத்தத் தொகை) என்றால் கதை வேறு. பாதிக் காலம்தான் சேரும், அதுவும் 1.4.2003-க்கு முன்பே நிரந்தரமாகியிருந்தால். அப்புறம் சேர்ந்தவர்களுக்கு வந்தது, ஊழியரும் அரசும் பணம் போடும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்.

ஒரே அறை, ஒரே மாதிரிக் கோப்புகள். ஆனால் 8 வருடத் தற்காலிகப் பணி ஒருவருக்கு 8, பக்கத்து நாற்காலிக்காரருக்கு 4. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் அந்த 4-ஐ அலட்சியப்படுத்த முடியாது: மாத ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடத் தகுதிப் பணி, அதாவது ஓய்வூதியக் கணக்கில் சேரும் பணிக்காலம், வேண்டும். நிரந்தரமான பிறகு 6 வருடமே வேலை பார்த்தவரைக் கரை சேர்ப்பது அந்த 4 வருடம்தான்.