ரோலக்ஸ் கிரீடச் சிற்பம் வாங்குபவர்கள் கவனத்துக்கு

ரோலக்ஸ் ஷோரூம்களில் கைக்கடிகாரங்களுக்குப் பக்கத்தில் ஐந்து முனைக் கிரீடம் ஒன்றை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். "1960-களின் டீலர் டிஸ்ப்ளே, முழுப் பித்தளை" என்று சொல்லி அதை இன்ஸ்டாகிராமில் ஒருவர் விற்கிறார். நம்பிப் பணம் அனுப்பினேன். வந்து சேர்ந்தது பித்தளையே இல்லை.

கையில் எடுத்தபோது கனமாகத்தான் இருந்தது. அடியில் ஒட்டியிருந்த பச்சை வெல்வெட்டை உரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நடுவில் குழி, அதற்குள் ஈயக்குண்டுகளைப் போட்டு எதையோ ஊற்றி அடைத்திருக்கிறார்கள். ஓரத்தைக் கத்தி முனையால் கீறினால் பழுப்பு நிறத் தூள் உதிர்கிறது. பித்தளையை எவ்வளவு ஆழமாகக் கீறினாலும் மஞ்சள்தான் தெரியும். இது ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிளாஸ்டிக் பிசின்) வெண்கலத் தூள் கலந்து வார்த்தது. பாலிஷ் போட்டால் அசல் உலோகம் மாதிரியே மின்னும். போட்டோவில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பணம் கட்டும் முன் ஆதாரம் கேட்டதற்கு, காந்தம் ஒட்டாததைக் காட்டும் வீடியோ ஒன்றை அனுப்பினார். காந்தம் பித்தளையிலும் ஒட்டாது, ரெசினிலும் ஒட்டாது! அடியில் "1925" என்று பொறித்திருப்பதையும் பெருமையாகக் காட்டினார். அது ரோலக்ஸ் அந்தக் கிரீடத்தைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்த ஆண்டு. பொருளின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

விற்பவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். வெல்வெட்டை எடுத்துவிட்டு அடிப்பாகத்தின் படம், அப்புறம் எடையும் தண்ணீரில் முழுக்கினால் வழியும் அளவும். எடையை வழிந்த தண்ணீரின் அளவால் வகுத்தால், பித்தளை என்றால் ஒரு கன சென்டிமீட்டருக்கு எட்டரை கிராம் அளவில் வர வேண்டும். என்னிடம் இருப்பது, ஈயத்தையும் சேர்த்து, அதில் பாதிகூட வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்றார், பிறகு பிளாக் செய்துவிட்டார். யூபிஐயில் அனுப்பிய பணம் என்பதால் 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்தால் தாமதிக்காமல் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க வாய்ப்பு அப்போதுதான் அதிகம்.

அதே படங்கள் இப்போது வேறொரு பெயரில் வந்திருக்கின்றன. படத்தில் இருக்கும் கிரீடத்தில் இடது ஓர முனையின் உருண்டை லேசாக நசுங்கியிருக்கும். எனக்கு வந்ததில் அந்த நசுங்கல் கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள்.