இடம் கிடைக்கும் வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்லும் இணையச் சேவை: மூன்று மாதம் பயன்படுத்திய பின்

மதிப்பெண்களையும் நுழைவுத் தேர்வுப் புள்ளிகளையும் கொடுத்தால், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் வாய்ப்பைச் சதவீதத்தில் கணித்துச் சொல்லும் சேவை ஒன்றுக்கு 2,499 ரூபாய் கட்டி மூன்று மாதச் சந்தா எடுத்தோம். பொறியியல் முடித்த மகள் ஜெர்மனியில் முதுநிலைப் படிப்புக்கும், பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மகன் அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கும் முயல்கிறார்கள். கட்டணம், கடைசித் தேதி போன்ற விவரங்கள் நான் ஒப்பிட்டுப் பார்த்தவரை சரியாகவே இருந்தன. குறை கணிப்பில்தான் இருக்கிறது.

ஜெர்மனியில் 1 என்பது மிக உயர்ந்த தரம்; 4 என்பது தேர்ச்சியின் எல்லை. நம் மதிப்பெண்ணை அந்த அளவுக்கு மாற்றப் பவேரிய வாய்பாடு என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். உச்சப் புள்ளியிலிருந்து நாம் பெற்றதைக் கழித்து, வந்ததை உச்சப் புள்ளிக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 ஐக் கூட்ட வேண்டும். மகளின் சி.ஜி.பி.ஏ., அதாவது எல்லாப் பருவங்களுக்குமான சராசரித் தரப்புள்ளி, பத்துக்கு 7.6. சேவை அதை 2.2 என்று மாற்றிக் காட்டி, 2.5 வரை ஏற்கும் படிப்புகள் அனைத்தையும் 'பாதுகாப்பானவை' என்ற பட்டியலில் வைத்தது. சந்தேகம் வந்து விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டபோதுதான், தேர்ச்சிப் புள்ளியை அது 4 என்று வைத்துக்கொண்டது தெரிந்தது. மகள் படித்த அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறை என்ற பாடத்திட்ட விதிகளில் தேர்ச்சிக்குரிய மிகக் குறைந்த தரப்புள்ளி 6. அதை இட்டால் விடை 2.8, 2.5 வரை மட்டுமே ஏற்கும் அந்தப் படிப்புகள் கைவிட்டுப் போகும். 2021 ஒழுங்குமுறையில் அது 5 என்பதால், இந்த இரு ஒழுங்குமுறைகளில் படித்த இருவர் ஒரே 7.6 ஐ வைத்திருந்தாலும் ஒருவருக்கு 2.44, மற்றவருக்கு 2.8 என்று வரும். இதைக் கேட்டறிய ஒரே ஒரு கட்டம் போதும். அந்தக் கட்டம் படிவத்தில் இல்லை. இளநிலையில் படித்த பாடங்கள் முதுநிலைப் படிப்பு கேட்கும் பாடங்களோடு பொருந்துகின்றனவா என்று பல ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் தனியாகப் பார்ப்பதும் கணக்கில் சேரவில்லை.

மகனுக்காக ஒரு சோதனை செய்தேன். மற்ற விவரங்கள் எதையும் மாற்றாமல், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் புள்ளியை மட்டும் 1350 இலிருந்து 1520 ஆக உயர்த்தினேன். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கான வாய்ப்பு 11 சதவீதத்திலிருந்து 34 ஆக ஏறியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எந்த வளாகமும் இளநிலைச் சேர்க்கையில் எஸ்.ஏ.டி. புள்ளியைப் பார்ப்பதே இல்லை. சேர்ந்த பிறகு பாடநிலையைத் தீர்மானிக்க வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்வார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமோ 2022 இல் எஸ்.ஏ.டி. அல்லது அதற்கு இணையான ஏ.சி.டி. தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. இப்படி நேர் எதிராக நிற்கும் இரண்டு இடங்களுக்கும் ஒரே சூத்திரத்தைப் போட்டு வரும் சதவீதத்தை நம்பி, பதினேழு வயதுப் பிள்ளை ஒரு கல்லூரியை விண்ணப்பப் பட்டியலிலிருந்து நீக்கிவிடக்கூடும் என்பதுதான் என்னை வருத்துகிறது.

பழைய பயனர்கள் தாங்களே பதிவிட்ட முடிவுகளிலிருந்து கணிப்பதாக உதவிப் பகுதியில் எழுதியிருக்கிறார்கள். இடம் கிடைத்தவர் ஆர்வத்தோடு பதிவிடுவார், கிடைக்காதவர் பெரும்பாலும் பேசாமல் விலகிவிடுவார் என்பதால், அந்தத் தரவே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் என்று கருதுகிறேன். பரிந்துரைக் கடிதம், கட்டுரை, ஆய்வு அனுபவம் ஆகியவற்றுக்கும் படிவத்தில் இடமில்லை.

தேர்ச்சிப் புள்ளியைப் பற்றி எழுதிக் கேட்டதற்கு, 'பரிசீலிக்கிறோம்' என்ற ஒருவரிப் பதில் மட்டும் வந்தது. சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. இப்போது மகனுக்கு, அமெரிக்கக் கல்லூரிகள் பல தங்கள் சேர்க்கை விவரங்களைத் தொகுத்து ஆண்டுதோறும் இலவசமாக வெளியிடும் 'காமன் டேட்டா செட்' ஆவணத்தைப் பார்க்கிறோம். எந்தத் தகுதியை மிக முக்கியமாகக் கொள்கிறார்கள், எதைக் கருதுவதே இல்லை என்று அதன் சி7 அட்டவணையில் கல்லூரியே குறித்திருக்கிறது. மகள் ஒவ்வொரு படிப்பின் தகுதி விதிகளையும் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே படித்து, 2.8 ஐ வைத்துப் பட்டியலைப் புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.